லேடிஸ் எல்லாம் பின்ரூம்

எனக்கு கேஸ்ட்ரிக் என்றுதான் ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தது. ஆபீசில் கேஸ்ட்ரிக், சொந்தக்காரர்களிடம் கேஸ்ட்ரிக், கோயிலில் பார்த்து “என்னம்மா இப்படி இளைச்சுட்டே?” என்று கேட்டவர்களிடமும் கேஸ்ட்ரிக். பாவம் அந்த கேஸ்ட்ரிக், செய்யாத குற்றத்துக்கெல்லாம் பழி சுமந்தது. எனக்கு இருந்தது குடி. கட்டிக்கொடுத்த மகள் இருக்கிற ஒரு அம்மாவுக்குக் குடி வரும் என்று நம் ஆட்களில் யாருக்கும் தோன்றாது. தோன்றாத அந்த இடத்தில்தான் நான் பல வருஷம் சௌகரியமாக ஒளிந்திருந்தேன்.

இப்போது உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. அடுத்த கிளினிக் செக்கப்புக்கு நாள் இருக்கிறது. பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மழை, எதிர் அடுக்குமாடி புளோக் பாதி கரைந்துபோய் நிற்கிறது. என்னைப்போல் ஒருத்தி எங்கேயாவது ஒரு சமையலறையில் கேஸ்ட்ரிக் மாத்திரையை முழுங்கிக்கொண்டு இருப்பாள். அவள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படியுங்கள், மூக்கைச் சுளிக்காமல் படியுங்கள்.

என் பெயர் வசந்தா. சாங்கி ஏர்போர்ட்டில் சரக்கு விமானப் பிரிவில் டாக்குமென்ட் பார்க்கிற வேலை. என் வீட்டுக்காரர் சேகர் பஸ் ஓட்டுகிறார். அவருக்குக் குடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை. அவருடைய ஒரே கெட்ட பழக்கம் கோப்பியில் பாலை அதிகமாக ஊற்றுவது. எங்களுக்கு ஒரே மகள் கவிதா, கல்யாணமாகி உட்லண்ட்ஸில் இருக்கிறாள்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்பார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று இந்த ஊரில் நம் வீடுகளில் பிராந்தி கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள், நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது. அங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் பெரியவர்கள் தலையில் பழியைப் போட்டதாகிவிடும். எத்தனையோ பேர் அதைக் குடித்துவிட்டு மறந்துபோனார்கள், நான் மறக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு வோட்கா வந்தது. துணிக்குப் போடுகிற சாஃப்ட்னர் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றி வைப்பேன். எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான் மட்டும்தான்.

ஒரு விடியற்காலையில் பாத்ரூமில் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தேன். என் வீட்டுக்காரர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், சீருடைச் சட்டையோடு என்னைத் தூக்கினார். அந்தச் சட்டைப் பொத்தான் என் கன்னத்தில் அழுந்தியது வரைக்கும்தான் ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஸ்கோப் என்பார்கள். மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், பயப்படாதீர்கள். குடித்துக் குடித்து என் கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிட்டதாம். அதற்குள் போகவேண்டிய ரத்தம் வழி அடைபட்டு, உணவுக்குழாயில் உள்ள மெல்லிய குழாய்களை வீங்க வைத்திருக்கிறது. அதில் ஒன்று வெடித்திருக்கிறது. வீங்கிய இடங்களில் குட்டி ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மா, நாங்கள் கட்டிவிட்டோம், இனிமேல் குடித்தால் அடுத்த தடவை கட்ட நேரம் இருக்காது என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். என் மனசு அந்த நேரத்தில் சாஃப்ட்னர் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு சில நாட்கள் நான் இந்த உலகத்தில் இல்லை. குடித்துப் பழகிய மூளைக்குத் திடீரென்று குடி நின்றுபோனால் அது தறிகெட்டு ஓடுமாம். கை நடுங்கும், வியர்க்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், சிலருக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடும். அதனால் வீட்டில் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போய் நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்தது கடல். வார்டின் கூரை மெல்ல விலகி, சாங்கிக் கடல் வந்து மேலே படுத்துக்கொண்டது. அதற்குள் சரக்கு விமானங்கள் சத்தமே இல்லாமல் போயின. திரைக்குப் பின்னாலிருந்து சரக்கு அடுக்குகிற பேலட் பலகைகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஒன்றில் மல்லிகைப் பூ, ஒன்றில் உயிர் நண்டு, ஒன்றில் நான். வலை போட்டுக் கட்டி, மேலே ‘அழுகும் பொருள்’ என்று லேபிள் ஒட்டியிருந்தார்கள். எடை தப்பாகப் போட்டிருக்கிறது, திருத்தாமல் ஏற்றக்கூடாது என்று நான் சண்டை போட்டேன். கையைப் பிடிக்க வந்த நர்ஸிடமெல்லாம் கையெழுத்து கேட்டேனாம்.

டிரிப்பைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கைக்கும் பஞ்சு உறை மாட்டியிருந்தார்கள். நாக்கு வறண்டு “தண்ணி, தண்ணி” என்று நான் கத்தியபோது கவிதா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “ப்ளீஸ் சிஸ்டர், கொடுக்காதீங்க” என்று அழுதாளாம். அந்த நர்ஸ் மதுரைப் பக்கத்துப் பெண். ஒரு நிமிஷம் திகைத்துப்போய், “அக்கா, அம்மா கேக்குறது பச்சத் தண்ணிதாங்க்கா” என்றாளாம். இதைச் சொல்லி நாங்கள் இப்போது சிரிக்கிறோம். அன்றைக்கு என் மகள் வராந்தாவில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதிருக்கிறாள்.

தெளிந்த பிறகு பார்த்தால் தலைமுடி வாரிப் பின்னியிருந்தது, கோணல்மாணலாக. அவர்தான் பின்னியிருக்கிறார். கவிதா தினமும் தீவின் அந்த முனையிலிருந்து மீன் கஞ்சி கொண்டுவருவாள். ஊட்டிவிட்டு, என் தண்ணீர் பாட்டிலை மூடி வைப்பதற்கு முன்னால் சும்மா மோந்து பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். பில் வந்தபோது அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நீ அதைப் பார்க்காதே” என்றார். வீட்டுக்கு வந்தால் சாஃப்ட்னர் பாட்டில் இருந்த இடத்தில் புது பாட்டில். திறந்து பார்த்தேன், நிஜமாகவே சாஃப்ட்னர். அவருக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி கவுன்சலர், லிம் என்ற பையன், மருந்து மட்டும் போதாது, கூட்டத்துக்குப் போகவேண்டும் என்றான். குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் வாரா வாரம் உட்கார்ந்து பேசுவார்கள், கட்டணம் கிடையாது, பெயர் வெளியே போகாது. முதலில் நகரத்தில் ஓர் ஆங்கிலக் கூட்டத்துக்குப் போனேன். நல்ல மனிதர்கள். முறை வந்தபோது நானும் எல்லாரையும் போல ‘ஆல்கஹாலிக்’ என்றேன். ஆபீஸ் ஃபோனில் பேசுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் மினிமார்ட்டில் பியர் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன். கண்ணாடிக் கதவு பனித்துக்கொண்டே இருந்தது. என்னைத் தேடி வந்த என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

“ஆன்ட்டி, தமிழ் குரூப்பும் இருக்கு லா, லிட்டில் இந்தியா பக்கம்,” என்றான் லிம், அடுத்த தடவை. தமிழில் எனக்கு வேண்டாம் என்றேன். “ஏன்?” என்றான். பதில் சொல்லத் தெரியாததால் போவதாக ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நடைபாதை தெரியாத கூட்டம். பூக்கடையும் தங்கக்கடையும் தாண்டி ஒரு சந்தில் பழைய கடைவீடு, கீழே கடை, மாடியில் கூட்டம். மாடிப்படி உச்சியில் மணி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், குடியை விட்டு வெகுகாலம் ஆனவர், கூட்டத்தை அவர்தான் நடத்துகிறார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எங்கள் ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். விடியற்காலை டூட்டி பார்த்துப் பார்த்து கண் எப்போதும் செவசெவ என்றிருக்கும், கொஞ்சம் தொப்பை, அன்றைக்கு ஷேவும் பண்ணவில்லை.

மணி அண்ணன் இறங்கிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “வாங்க தம்பி, வாங்க. வந்தீங்களே, அதுவே பெருசு. இங்க யாரும் யாரையும் கேவலமா பார்க்கமாட்டோம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க கவலைப்படாதீங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம். இது முன்ரூம், குடிக்கிறவங்களுக்கு. லேடிஸ் எல்லாம் பின்ரூம். அங்க உங்கள மாதிரி சம்சாரங்க இருக்காங்க, டீ போட்டு வச்சிருக்காங்க,” என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் சொல்லியிருக்கவேண்டும். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, நல்ல குடும்பப் பெண்ணாக, பின்ரூமுக்குப் போனேன்.

பின்ரூமில் பெண்கள். குடிக்கிறவர்களின் மனைவிகள், ஒன்றிரண்டு அம்மாக்கள். ராணி என்று ஒருத்தி, பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள், என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். “அழணும்னா அழுதுடுங்கக்கா, டிஷ்யூ நெறைய இருக்கு,” என்றாள். ஃபேன் சுற்றியது. ஏலக்காய் வாசனை. ஜன்னலுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமையின் இரைச்சல் எங்கேயோ தூரத்தில் அலையடிக்கிற மாதிரி கேட்டது. எனக்குச் சுகமாக இருந்தது, வெட்கமே இல்லாமல் சுகமாக இருந்தது.

பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி, கதவில் சாவி திரும்புகிற சத்தத்திலேயே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும் என்றாள். ஒருத்தி டம்ளரை மோந்து பார்ப்பேன் என்றாள். “என் வீட்டுக்காரர் சாமி ரூம்ல விளக்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சாருக்கா,” என்றாள் ராணி. “எண்ணெய்னு நெனச்சு ஊத்திட்டேன், குப்புனு பத்திக்கிச்சு. சாமியே பயந்திருக்கும் லா.” எல்லாரும் சிரித்தோம். ஆபீசுக்கு ஃபோன் பண்ணிக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, கல்யாண வீட்டில் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவது, பிள்ளைக்குத் தெரியாமல் தரையைத் துடைப்பது. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் சொன்னது என் வீட்டுக்காரரின் கதை. என் ஆபீசுக்கு கேஸ்ட்ரிக் என்று ஃபோன் செய்தது அவர்தான். அவர் தரையைத் துடைத்ததை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் தரை சுத்தமாக இருக்கும்.

அன்று ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது, “என்ன சொன்னீங்க அங்கே?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“அடுத்த வாரம் சொல்லிடலாம்.”

“உனக்கு எப்ப முடியுதோ அப்ப சொல்லு,” என்றார்.

அடுத்த வாரமும் நான் பின்ரூமுக்குத்தான் போனேன். அதற்கடுத்த வாரமும். நாட்கள் கனவில் நடக்கிற மாதிரி போயின. மருந்து, தூக்கம், கல்லீரலுக்கென்று கொடுத்த பேதி சிரப்பைக் குடித்துவிட்டுக் கக்கூசுக்கு ஓடுவது, ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய் டீ. ஒருநாள் படியில் மணி அண்ணன் என்னை நிறுத்தி, “உங்க வீட்டுக்காரர் மாதிரி உண்மைய பேசுற ஆள நான் பார்த்ததில்லம்மா. சாஃப்ட்னர் பாட்டில்ல ஊத்தி வச்சதுகூட மறைக்காம சொன்னாரு,” என்றார். என் வீட்டுக்காரர் என் குடியை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கோபம் வந்தது. அவர் எனக்காகக் குடிகாரனாக இருந்தால் நான் எதற்கு நிறுத்தவேண்டும்? குடிநோய் இப்படித்தான் யோசிக்கும், கெட்டிக்காரத்தனமாக. அடுத்த ஞாயிறு அவரை முன்னால் அனுப்பிவிட்டு, “பூ வாங்கிட்டு வந்துடறேன்” என்று சந்து முனைக் கடையில் ஒரு சின்ன வோட்கா பாட்டில் வாங்கினேன். கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பின்ரூமில் போய் உட்கார்ந்தேன். மடியில் பை, அதற்குள் பாட்டில். முன்ரூமில் என் இடத்தில் என் வீட்டுக்காரர். அடுத்த தடவை கட்ட நேரம் இருக்காது என்று டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் கூட்டம் முடிந்ததும் எந்த டாய்லெட் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராணி ஏதோ பேச்சில் சொன்னாள். “நாம புலம்புறோம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஆம்பள குடிச்சா ‘குடிகாரன்’னு சொல்லிட்டு ஊரு போயிடும். பொம்பள குடிச்சா சொல்றதுக்கு ஒரு பேருகூடக் கிடையாதே லா. அந்த வீடு என்னாகும்?”

“நல்லவேளை,” என்றார்கள் எல்லாரும். நானும் “நல்லவேளை” என்றேன்.

சொன்ன பிறகு அங்கே உட்கார முடியவில்லை. டாய்லெட் என்று சைகை காட்டிவிட்டு எழுந்தேன். வெளியே குறுகலான வராந்தா. ஒரு பக்கம் படி கீழே இறங்கித் தெருவுக்குப் போகிறது, மறுபக்கம் முன்ரூம் கதவு பாதி திறந்திருக்கிறது. கைப்பையின் ஜிப்பைத் திறந்துவிட்டேன். அப்போது அவர் குரல் கேட்டது.

“பாத்ரூம்ல ரத்தமா வாந்தி எடுத்து விழுந்துட்டேன். என் பொண்டாட்டிதான் தூக்குனா. கை வழுக்குது அவளுக்கு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தா. நிறுத்துனா நான் போயிடுவேன்னு பயம். அன்னையிலேருந்து அவ சரியா தூங்கல. நான் மூச்சு விடுறேனான்னு பார்த்துக்கிட்டே படுத்திருக்கா. பகல்ல வேலைக்குப் போறா, சிரிக்கிறா. எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க, உடம்பு எப்படி இருக்குன்னு. அவகிட்ட யாரும் கேக்கல. அவளுக்கு... அவளுக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

அவரோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைச் சொல்வதற்கு மனிதர் என்னையே ஒரு போர்வையாகப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“அண்ணே, அவர் பொய் சொல்றார்,” என்றேன்.

மணி அண்ணன் பதறி எழுந்தார். “யம்மா, நீங்க பின்ரூமுக்கு...”

“இல்லண்ணே. நான் இந்த ரூம். இந்த மனுஷன் ஒரு பியர்கூடக் குடிச்சதில்ல. விழுந்தது நான். தூக்குனது அவரு.” கைப்பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன். எல்லார் கண்ணும் பாட்டிலுக்குப் போய், கஷ்டப்பட்டு என்னிடம் திரும்பி வந்தது. ஆங்கிலச் சொல் நாக்கு நுனி வரை வந்தது, வேண்டாம் என்று விழுங்கினேன். “என் பேரு வசந்தா. நான் குடிகாரி.”

அந்தச் சொல் அறையில் எல்லாருக்கும் புதுசு. என் வீட்டுக்காரர் நாற்காலியில் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மணி அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏன் தம்பி,” என்றார், “அப்ப இத்தனை வாரமா எங்க பிஸ்கட்ட சும்மாவா சாப்பிட்டீங்க?”

யாரோ ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லாரும். என் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “முதல்ல இந்த பாட்டில யாராவது கொண்டுபோய் சிங்க்குல ஊத்துங்கப்பா, இல்லேன்னா நாம அதையேதான் பார்த்துக்கிட்டு இருப்போம்,” என்றார் மணி அண்ணன். பிறகுதான் அவர்கள் வழக்கப்படி ஒரே குரலில் சொன்னார்கள்: “வணக்கம் வசந்தா.”

சத்தம் கேட்டு ராணி கதவருகில் வந்து நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. “அக்கா, நான் தெரியாம வாய விட்டுட்டேன்,” என்றாள். நான் தலையாட்டினேன். கோபமே இல்லை, அவள் சொல்லாவிட்டால் நான் எழுந்தே இருக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார், தன் நாற்காலியை எனக்குக் காட்டினார். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

“நான் கீழே வெயிட் பண்றேன்,” என்றார்.

“எதுக்குக் கீழே? எங்ககூட வாங்கண்ணே,” என்றாள் ராணி.

“இல்ல, அங்க லேடிஸ் எல்லாம்...”

“லேடிஸ் ஒண்ணும் கடிக்கமாட்டோம் லா. வாங்க.”

அவர் போனார். நான் அவர் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்து, என் கதையை என் வாயால் சொன்னேன். எங்கள் கூட்டம் முடிந்தும் பின்ரூம் கதவு திறக்கவில்லை. படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளே அவர் பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும். நடுநடுவே பெண்கள் உச்சுக்கொட்டினார்கள், ஒரு தடவை சத்தமாகச் சிரித்தார்கள். இந்த மனிதரிடம் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது.

பூகிஸ்ஸில் ரயில் மாறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்தார். அடுத்த ஸ்டேஷனுக்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, கை மடியில் கிடக்க, குழந்தைத் தூக்கம். வெளியே புளோக்குகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின. பாசிர் ரிஸ் கடைசி ஸ்டேஷன். கதவு திறந்தது, எல்லாரும் இறங்கினார்கள், ஒரு சீனப் பாட்டி எழுப்பச் சொல்லி சைகை காட்டிவிட்டுப் போனாள். எனக்கு மனசு வரவில்லை. கதவு மூடி, ரயில் எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பியது. அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு நான் விழித்திருந்தேன்.